மறதியின் நேர்த்தி

சென்னையிலிருந்து ஒருவர் டொரன்டோவில் இருக்கும் மகளோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அவர் முகமும் குரலும் லட்சக்கணக்கான பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டு, கடலடிக் கேபிள்களையும் பல ரவுட்டர்களையும் தாண்டிப் போய்ச் சேர்கின்றன. நடுவழியில் நின்று அவற்றைக் கடத்திவிட்ட பெரிய ரவுட்டர்களுக்கு, அங்கே ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டும் அவற்றுக்கு முதல் பாக்கெட்தான். வாங்கும், முகவரி பார்க்கும், அனுப்பும், மறக்கும். ஆனாலும் பேச்சு அறுபடுவதில்லை. ரவுட்டரை மெச்சுபவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தை மெச்சுகிறார்கள். என்னைக் கவர்வது இந்த மறதி. எதை அறிய வேண்டாம், எதை ஞாபகத்தில் வைக்க வேண்டாம் என்று அதை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளில்தான் இந்தக் கைவினையின் உயரம் தெரிகிறது என்பது என் கட்சி.

வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஏனென்றால் மறதி எவ்வளவு நெருக்கடியில் நடக்கிறது என்பதை அதுதான் காட்டும். நொடிக்கு 100 கிகாபிட் ஓடும் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால் நொடிக்கு 14 கோடியே 88 லட்சம் வரும். இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 6.7 நானோவிநாடி. வெற்றிடத்தில் ஒளியே அதற்குள் 2 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து, ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட முகவரித் தொகுதிகள் உள்ள அட்டவணையில், வந்த முகவரியோடு மிக நீளமாகப் பொருந்தும் வரியைச் சில்லு கண்டுபிடிக்க வேண்டும். நாடு, ஊர், தெரு என்று மூன்று வரிகள் பொருந்தினால் தெருவின் பேச்சையே கேட்பதுபோல. இதோடு நிறுத்திக்கொண்டதுதான் இதன் அழகு. இந்தப் பாக்கெட் எந்தப் பேச்சைச் சேர்ந்தது, முன்னது போய்ச் சேர்ந்ததா, பின்னது எங்கே என்பதெல்லாம் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. இன்டர்நெட்டின் வடிவமைப்புக் கோட்பாடுகளை 1988-இல் எழுதிவைத்த டேவிட் கிளார்க் இதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்: ஒரு செஷனின், அதாவது இரு முனைகளுக்கு இடையே நடக்கும் ஒரு பேச்சின், ஞாபகம் அந்த செஷன் யாருக்குத் தேவையோ அவரிடமே இருந்தால், அவர் அழியும்போதுதான் அதுவும் அழியும். நடுவில் நிற்கும் பெட்டி எரிந்துபோனாலும் பேச்சு வேறு வழியில் தொடரும். ரவுட்டரின் மறதி அதன் சோம்பல் அல்ல, பேசுபவர்களுக்கு அது தரும் காப்பு.

இந்தக் கலையில் நான் மிக விரும்பும் துண்டு, ஒரே தொலைவுள்ள பல பாதைகளுக்கு இடையே ரவுட்டர் பாரத்தைப் பங்கிடும் முறை. இரண்டு நகரங்களுக்கு நடுவே சமமான நான்கு இணைப்புகள் இருக்கின்றன. சீட்டுப் போடுவதுபோல் முதல் பாக்கெட்டை இதில், அடுத்ததை அதில் என்று சுற்றிப் போட்டால் பாரம் சமமாகிவிடும், ஆனால் பேச்சு கெடும். நான்கு பாதைகளின் தாமதம் நூலிழை வேறுபட்டாலும் பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும். முனைக் கணினிகளில் ஓடி, பாக்கெட்டுகள் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறைக்கு டிசிபி என்று பெயர். வரிசை குலைந்ததைப் பார்க்கும் டிசிபி, மூன்று முறை அதே பழைய ரசீது திரும்பி வந்ததும், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு செஷனின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே பாதையில் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு செஷனையும் ஒரு பேரேட்டில் எழுதிவைக்கலாம். கோடிக்கணக்கான செஷன்கள் கடக்கும் இடத்தில் பேரேடு வழிந்துவிடும். இங்கேதான் அந்த நுட்பம் வருகிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, புரோட்டோகால் எண், இரு முனைகளின் போர்ட் எண்கள் ஆகிய ஐந்தையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வரும் எண்ணை வைத்து நான்கில் ஒரு பாதையை ரவுட்டர் எடுக்கிறது. இதற்கு ஹாஷ் என்று பெயர். அதே செஷனின் அடுத்த பாக்கெட்டிலும் அதே ஐந்து விவரங்கள் இருக்கும், அதே எண் வரும், அதே பாதை கிடைக்கும். எங்கும் எதுவும் எழுதப்படவில்லை. ரவுட்டர் அந்த செஷனை அடையாளம் கண்டு அதன் வழியை நினைவில் வைத்திருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அந்த நினைவு பாக்கெட்டின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் படிக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. செஷன்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. காப்புப் பிரதி எடுக்கும் இரண்டு பெரும் செஷன்கள் ஒரே இணைப்பில் விழுந்தால் அது திணறும், பக்கத்து இணைப்பு காலியாகக் கிடக்கும். ஹாஷ் அதைப் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த ரவுட்டர்கள் ஒரே கணக்கைப் போட்டால் இன்னும் மோசம்: முதல் ரவுட்டர் இடப்பக்கம் அனுப்பியதை எல்லாம் இரண்டாவதும் இடப்பக்கமே தள்ளும். இணைப்புகளில் ஒன்று அறுந்தால் வேறு தொல்லை. நான்கால் வகுத்த மீதியை வைத்துப் பாதை எடுத்த ரவுட்டர் இனி மூன்றால் வகுக்கும். அறுந்த இணைப்பில் இருந்த கால் பங்கு இடம் மாறினால் போதும் என்ற இடத்தில் முக்கால் பங்கு செஷன்கள் இடம் மாறும். இவை உண்மையான குறைகள்தான். ஆனால் கைவினைஞர்கள் இவற்றைத் தீர்த்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அதே கணக்கு என்ற குறைக்கு, ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென ஓர் எண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இடமாற்றக் குறைக்கு டேவ் தேலரும் சின்யா ரவிசங்கரும் 1998-இல் வெளியிட்ட முறை ஒரு விடை: ஒவ்வொரு பாதைக்கும் செஷனுக்கும் சேர்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் பெற்ற பாதையை எடு. ஒரு பாதை செத்தால், அதை முதலிடத்தில் வைத்திருந்த செஷன்கள் மட்டும் தங்கள் இரண்டாம் இடத்துக்குப் போகும், மற்றவை அசையாது. இரண்டு தீர்வுகளிலும் பேரேடு இல்லை. கணக்கை மெருகேற்றினார்களே தவிர, ஞாபகத்தைக் கூட்டவில்லை. பெரும் செஷன்களின் மோதல் மட்டும் இன்றும் முழுதாகத் தீரவில்லை. வரிசை குலையாமைக்கு நாம் தரும் விலை அது, எனக்கு அது அதிகமாகப் படவில்லை.

வழி தெரிந்தால்தானே பங்கிட முடியும், அந்த வழியைக் கண்டறிய ரவுட்டர் நிறைய அறிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஒரு நிறுவனத்தின் வலைக்குள் அது உண்மைதான். ஓஎஸ்பிஎஃப் என்ற வழி கண்டறியும் நெறிமுறை ஓடும் ஒவ்வொரு ரவுட்டரிடமும் அதன் பகுதி முழுவதற்கும் வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தின் மேல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதமும் பென்சிலும் இல்லாமல், 20 நிமிடத்தில் உருவாக்கிய கணக்கு ஓடுகிறது. எழுதுவதற்கு எதுவும் கையில் இல்லாததால்தான் தேவையில்லாத சிக்கல்களைத் தவிர்க்க நேர்ந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆனால் அந்த வரைபடத்தில் என்ன இல்லை என்பதைப் பாருங்கள். எந்தச் சாலை இருக்கிறது, அதன் விலை என்ன என்பது இருக்கிறது. இந்த நிமிடம் அங்கே எவ்வளவு நெரிசல் என்பது இல்லை. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இதைக் குறையென்றே நினைப்பார்கள். நெரிசலை அறிந்து விலகும் ரவுட்டர் புத்திசாலி அல்லவா?

இந்தக் கேள்விக்கு, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் தன் உடம்பால் விடை சொல்லியிருக்கிறது. 1979-இல் அங்கே வந்த புதிய முறையில், ஒவ்வொரு இணைப்பின் தாமதத்தையும் அளந்து அதையே விலையாக எல்லோருக்கும் அறிவித்தார்கள். கூட்டம் குறைவாக இருந்த வரை அருமையாக வேலை செய்தது. கூட்டம் ஏறியபோது, நாட்டின் இரு பகுதிகளை இரண்டு இணைப்புகள் சேர்க்கின்றன என்றால், ஒன்று நிரம்பியதும் அதன் விலை ஏறும், எல்லா ரவுட்டர்களும் ஒரே மனதாக அதைக் கைவிட்டு மற்றதில் போய் விழும். இப்போது அது நிரம்பும், முதலாவது காலியாகும், மறுபடி எல்லோரும் இங்கே திரும்புவார்கள். சமமாகப் பகிர வேண்டிய இரண்டு இணைப்புகளில் எப்போதும் ஒன்று திணறும், ஒன்று சும்மா கிடக்கும். எல்லோரும் ஒரே உண்மையை ஒரே நேரத்தில் அறிந்து, அறிவோடு நடந்துகொண்டதன் பலன் இது. 1987-இல் செய்த திருத்தம் அந்த அறிவுக்கு வரம்பு கட்டியது. முழுக்க நிரம்பிய இணைப்பும், ஒரே மாதிரி இணைப்புகள் உள்ள வலையில், இரண்டு தாவல்களுக்கு, அதாவது இரண்டு இணைப்புகளைக் கடப்பதற்கு, மேல் கூடுதல் விலை கேட்க முடியாது. விலையும் படிப்படியாகத்தான் மாறலாம். இன்றைய வலைகளில் விலை பெரும்பாலும் இணைப்பின் கொள்ளளவைப் பொறுத்து மனிதர் எழுதிவைத்த நிலையான எண். நெரிசலை உணர்ந்து வேகத்தைத் தணிக்கும் வேலை முனைகளில் இருக்கும் டிசிபியிடம் போய்விட்டது. அளக்கத் தெரியாததால் இன்றைய ரவுட்டர் நெரிசலைப் புறக்கணிக்கவில்லை. அளந்து பார்த்து, அவஸ்தைப்பட்டு, வேண்டாம் என்று விட்டதன் வாரிசு அது.

மறக்கத் தெரியாமல் ஒரு வலை முடங்கிய கதையும் அர்பாநெட்டில்தான் இருக்கிறது. 1980 அக்டோபர் 27 அன்று ஒரு ரவுட்டரின் நிலை அறிவிப்புகள் மூன்று, பிட் உதிர்ந்து, 44, 40, 8 என்ற வரிசை எண்களோடு பரவின. எண்கள் 63-க்குப் பின் மீண்டும் 0-க்குத் திரும்பும் வட்டமாக ஓடியதால், அந்த ஒப்பீட்டு விதியின்படி 40-ஐ விட 44 புதியது, 8-ஐ விட 40 புதியது, 44-ஐ விட 8 புதியது. ஒவ்வொரு ரவுட்டரும் புதியது வந்துவிட்டது என்று நம்பி அடுத்தவருக்குக் கடத்த, மூன்று செய்திகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பல மணி நேரம் சுற்றின. நாடு முழுவதும் வலை படுத்துவிட்டது. பழைய செய்தி தானாகச் சாக வழி சரியாக இல்லை என்பதே நோய். ராடியா பெர்ல்மன் 1983-இல் வெளியிட்ட சிகிச்சையில், எண்கள் வட்டமாக ஓடாமல் நேர்க்கோட்டில் ஏறும். செய்திகளுக்கு உறுதியாக வயதாகும். அந்தச் சிந்தனையின் வழியில் வந்த ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு செய்தியின் ஆயுள் 3600 விநாடி. அதை எழுதியவர் 1800 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் வலை அதை மறந்துவிடும். சாவதற்கு நாள் குறித்துவிட்டுத்தான் பிறப்பையே அறிவிக்கிறார்கள்.

நிறுவனங்களுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபிக்கு வரும்போது என் வாதம் கடினமான இடத்தைத் தொடுகிறது. 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரக் கூட்டமொன்றின் மதிய உணவு வேளையில் கிர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் கைதுடைக்கும் தாள்களில் இதை வரைந்தார்கள். இங்கே ரவுட்டரும் செஷன் வைத்துக்கொள்கிறது, ஆனால் பயணிகளுக்காக அல்ல, பக்கத்து ரவுட்டரோடு பேசத் தனக்காக. டிசிபி 179-ஆம் போர்ட்டில் அது ஓடும். பல கருவிகளில் 60 விநாடிக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு குரல், 180 விநாடி மௌனம் நீடித்தால் உறவு முறிந்தது, அவர் சொன்ன வழிகள் அத்தனையும் அழிக்கப்படும். முழு உலகின் வரைபடம் இங்கே யாரிடமும் இல்லை. அண்டை வீட்டார் சொன்ன வழியும், அது கடந்துவந்த வலைகளின் எண் பட்டியலும்தான் கையில். பட்டியலில் தன் எண்ணே இருந்தால் வட்டம் என்று புரிந்து தள்ளிவிடும். எது குறுகிய வழி என்பதைவிட எது காசு தரும் வழி என்பதே முதலில் வரும்: வாடிக்கையாளர் வழியே போனால் வருமானம், மேலேயுள்ள நிறுவனம் வழியே போனால் செலவு. அவரவர் சுயநலப்படி ரகசியமாகத் தேர்ந்தால் குழப்பம்தானே வரும்? லிக்சின் காவும் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபர்டும் 2001-இல் வெளியான ஆய்வில், இந்தச் சாதாரண வியாபார ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்தாலே, யாரும் யாரோடும் கலந்து பேசாமல், வழிகள் நிலைபெறும் என்று நிரூபித்தார்கள்.

ஆனால் அறியாமை நம்பிக்கையாக மாறுகிறது, நம்பிக்கையை ஏமாற்றலாம். 2008 பிப்ரவரி 24 அன்று, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட ஒரு வழி உலகத்துக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட தொகுதி, கசிந்தது அதனுள் 256 மட்டும். நீளமாகப் பொருந்துவதே வெல்லும் என்பதால், உலகின் ரவுட்டர்கள் தெருவின் பேச்சைக் கேட்டன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் காணாமல் போனது. இதை வைத்து வடிவமைப்பே தவறு என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். முகவரிக்கு உரியவர் யார் என்று கையொப்பமிட்டுச் சொல்லும் ஏற்பாடு பின்னர் வந்தது, இன்று பரவியும் வருகிறது. அது ரவுட்டருக்குத் தருவது ஒரே ஒரு கேள்வி: இந்த வலைக்கு இதை அறிவிக்க உரிமை உண்டா? உலக வரைபடத்தை அதன் தலையில் ஏற்றவில்லை.

செஷனை நினைவில் வைக்கும் பெட்டிகளும் இருக்கின்றனவே என்பது கடைசி ஆட்சேபம். வீட்டு மோடத்துக்குள் இருந்து முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் நாட், அலுவலக வாசலின் ஃபயர்வால் இரண்டும் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு வரி எழுதிவைக்கின்றன. அவற்றின் பயனை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பேரேடு கேட்கும் பராமரிப்பைப் பாருங்கள். பேச்சு முடிந்ததா, மௌனமா என்று பெட்டிக்குத் தெரியாது, ஆகவே ஊகிக்க வேண்டும். சும்மா இருக்கும் டிசிபி செஷனை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அழிக்கக் கூடாது என்று 2008-இல் ஒரு நெறி எழுத வேண்டியிருந்தது. பாக்கெட் ஒரு ஃபயர்வால் வழியாகப் போய், பதில் வேறொன்றின் வழியாக வந்தால், அந்த இரண்டாவது ஃபயர்வால் தெரியாத ஆள் என்று பதிலைத் தள்ளிவிடும். பெட்டி மறுபடி கிளம்பினால் அத்தனை பேச்சும் அறுபடும். வலையின் ஓரத்தில் இதைத் தாங்கலாம், நடுவில் தாங்க முடியாது.

மறக்கும் ரவுட்டர்கள் சேர்ந்து போட்ட பாதை எங்குமே எழுதப்படுவதில்லை என்பதால், அதைப் பார்க்க விரும்புபவர் பாக்கெட்டுகளைச் சாகக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஆயுள் எண் இருக்கும், ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்று கழிக்கும், பூஜ்யமானால் பாக்கெட்டை வீசிவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரவுட், ஆயுள் 1, 2, 3 என்று பாக்கெட்டுகளை அனுப்பி, வரும் மரணச் செய்திகளைக் கோத்து வழியை வரைந்தது. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது போர்ட் எண்ணை மாற்றியதால் ஹாஷ் மாறியது, ஒவ்வொன்றும் வேறு வேறு பாதையில் போய்ச் செத்தது, இல்லாத சாலைகள் படத்தில் முளைத்தன. 2006-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அதைத் திருத்தினார்கள். ஹாஷ் பார்க்கும் இடங்களை எல்லாம் மாறாமல் வைத்து, அடையாளக் குறியை வேறு இடத்தில் ஒளித்து அனுப்பினார்கள். அத்தனை பாக்கெட்டுகளையும் ஒரே பேச்சின் பாக்கெட்டுகள் என்று எண்ணி, ரவுட்டர்கள் ஒரே வழியில் அனுப்பிவைத்தன.