நிலமும் பொழுதும் நீர்வண்ணமும்: பயண ஓவியக் கல்வி பற்றியொரு நோக்கு

நிலக்காட்சியை அதன் எதிரிலேயே அமர்ந்து நீர்வண்ணத்தில் தீட்டப் பயிலுதல் ஓவியக் கல்வியின் இன்றியமையாத கூறாக நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது. தூரிகை, தாள், சிறு வண்ணப்பெட்டி, ஒரு குவளை நீர் ஆகியன இருப்பின் செல்லுமிடமெல்லாம் கல்விக்கூடமாகிவிடும் என்பதே இம்முறையின் கவர்ச்சியாகும். ஆயின், அவ்வாறு செல்பவன் செல்லுமிடத்தில் எதனைக் கற்கின்றான் என்னும் வினா எளிதில் எழுவதில்லை. கைத்திறனைக் கற்கின்றானா? காணுந் திறனைக் கற்கின்றானா? அன்றிப் பிறர் முன்னரே கண்டு வகுத்துவைத்த காட்சியை மீண்டுங் காணும் பழக்கத்தைத்தான் கற்கின்றானா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் புகழ்பெற்ற காட்சித்தலம் எதுவும் துணைசெய்யாது. புகழில்லாத ஒரு நிலமே தக்க உரைகல்லாகும். புத்தளத்துக்கு வடக்கேயுள்ள வண்ணாத்திவில்லுப் பகுதி அத்தகையதொரு நிலம்.

'வில்லு' என்பது மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற இயற்கைப் பள்ளத்தைக் குறிக்கும் சொல். வில்பத்துக் காட்டின் தென்புறத்தே, புத்தளத்திலிருந்து இலவன்குளம் வழியாக மன்னார் நோக்கிச் செல்லும் பழைய பாதையில் வண்ணாத்திவில்லு அமைந்துள்ளது. மேற்கே களப்பு, அதற்கப்பாற் கற்பிட்டிக் குடாநாடு, வடமேற்கே கலா ஓயா கண்டற் காடுகளினூடாக டச்சுக் குடாவிற் சென்று கலக்கிறது. உள்நிலத்திற் பாலையும் வீரையும் வளர்ந்த வறண்ட காடு. சுண்ணக்கற் படைக்கு மேற் செம்மண். மலையில்லை, அருவியில்லை, நெடிதுயர்ந்த கோபுரமோ தாதுகோபமோ கண்ணை ஈர்த்து நிற்பதில்லை. நிலமும் நீரும் வானும் மூன்று கிடைப்பட்டைகளாக நீண்டு கிடக்கின்றன. அழகிய காட்சி தேடி வருவோன் இங்குத் தீட்டுவதற்கு யாதுமில்லை என்று கருதி வடக்கே வனவிலங்குகளையோ மேற்கே கற்பிட்டிக் கடலையோ நாடிச் செல்லக்கூடும். 'யாதுமில்லை' என்னும் அத்தீர்ப்பு எங்கிருந்து பெறப்பட்டது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நீர்வண்ணம் பயணத்துக்குரிய ஊடகமாக மாறியமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கிலாந்தில் வில்லியம் ரீவ்ஸ் என்பார் நீரிற் குழைத்துக்கொள்ளத்தக்க சிறு வண்ணக்கட்டிகளை உருவாக்கினார். 1830களில் வின்சர், நியூட்டன் நிறுவனத்தார் ஈரப்பதன் கெடாத வண்ணங்களை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வண்ணப்பெட்டி சட்டைப்பையில் அடங்குவதாயிற்று. இதற்கு முன்னரே, 1768 முதல் வூலிச் படைத்துறைப் பயிற்சிக் கல்லூரியிற் போல் சான்ட்பி என்னும் நீர்வண்ண ஓவியர் சித்திர ஆசிரியராகப் பணியாற்றினார். படை அதிகாரிக்கு நிலத்தை வரையத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அக்காலக் கொள்கை. நிலத்தை அளத்தலும் நிலத்தைத் தீட்டுதலும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்களாக இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

அளத்தற் கண்ணோடு இரசனைக் கண்ணும் சேர்ந்தது. 1782 இல் வில்லியம் கில்பின் வெளியிட்ட வை ஆற்றுப் பயணநூல் இயற்கையைச் சித்திரமாகக் காணும் முறையொன்றைப் பரப்பியது. முன்னே இருண்ட மரம், நடுவே ஒளிரும் நீர், பின்னே மங்கிய மலை, ஓரத்தே பாழடைந்த கட்டடம் என அமைவதே ஓவியத்துக்குரிய காட்சி என்னும் எண்ணம் பயணிகளிடையே வேரூன்றியது. இப்பார்வையுடனேயே ஆங்கில ஓவியர் பலர் கீழைத்தேயம் வந்தனர். தோமஸ் டானியலும் அவர்தம் மருகர் வில்லியம் டானியலும் 1786 இல் இந்தியாவை அடைந்து, 1792 இல் தமிழகத்தினூடாகவும் பயணஞ் செய்தனர். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது பதின்ம வயதினராயிருந்த வில்லியம் அப்பயணத்தையே தம் பள்ளியாகக் கொண்டார் எனலாம். அவர்தம் இளவல் சாமுவேல் டானியல் இலங்கையில் வாழ்ந்து, 1808 இல் இந்நாட்டுக் காட்சிகள் அடங்கிய பதிப்பை வெளியிட்டு, 1811 இல் இங்கேயே மறைந்தார்.

இலங்கையில் நிலக்காட்சி ஓவியத்தைப் பாடமாகப் போதிக்கவென்றே வந்தவர் அன்ட்ரூ நிக்கல் (1804–1886). பெல்பாஸ்ட் நகரில் அச்சகத் தொழில் பயிலுநராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர் அயர்லாந்தின் கடற்கரைகளைத் தீட்டித் தாமாகவே தேர்ச்சி பெற்றவர். பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியில் 1840களின் பிற்பகுதியில் ஆசிரியராயினார். அக்காலத்திற் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த எமர்சன் டெனன்ட் அவரை ஆதரித்தார். 1848 இல், மாத்தளைக் கிளர்ச்சி மூண்ட அதே ஆண்டில், நிக்கல் காடுகளினூடாக ஐந்து வாரம் ஓவியப் பயணம் மேற்கொண்டார். அதுபற்றி அவர் எழுதிய கட்டுரை 1852 இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியாயிற்று. அக்கட்டுரையின் தலைப்பே கருத்தூன்றி நோக்கத்தக்கது. பாழடைந்த கோயில்கள், பெருஞ்சிலைகள், குளங்கள், தாதுகோபங்கள் என்பன அங்கு நிரல்பட வைக்கப்பட்டுள்ளன. பயணத்திற் காணத்தக்கவை எவை என்னும் பட்டியல் அது. நாடு கொந்தளித்த ஓர் ஆண்டிற் செய்த பயணம் தலைப்பிலே சிதைவுகளின் பயணமாகவே அமைகிறது.

இதனாற் நிக்கலின் கலையைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அயர்லாந்துக் கடற்கரையைக் காட்டுப்பூக்களின் இடைவெளியினூடாகக் காட்டும் அவர்தம் ஓவியங்கள் தரைமட்டத்திற் குனிந்து நோக்கிய ஒருவரின் ஓவியங்கள். அவர் பிறந்து பழகிய கரையில் அவருக்குக் கோபுரமும் சிதைவும் தேவைப்படவில்லை. வேலியோரச் செடியே போதுமானதாயிருந்தது. ஆகவே குறை ஊடகத்தில் இல்லை. பயணத்தின் தன்மையில் உண்டு எனக் கொள்ளலாம். வந்து செல்பவன் நிலத்திடம் கேட்பதும், நிலத்தோடு வாழ்பவன் அதனிடம் கேட்பதும் வேறுவேறானவை.

பயண ஓவியம் பற்றிய மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். திறந்தவெளியிற் பிறந்ததெனக் கருதப்படும் ஓவியங்களெல்லாம் திறந்தவெளியில் முடிக்கப்பட்டவையல்ல. 1873 முதல் 1875 வரை இந்தியாவிலும் 1874 இறுதியில் இலங்கையிலும் பயணஞ் செய்த எட்வேர்ட் லியர் களத்திற் பென்சிலால் விரைந்து வரைந்து, நிறங்களைச் சொற்களாக ஓரத்தே குறித்துக்கொள்வார். மையும் வண்ணமும் பின்னரே சேரும். அவர்தம் முறை சோம்பலின் விளைவன்று. நீர்வண்ணத்தின் இயல்பையும் வெப்பநாட்டின் இயல்பையும் ஒருங்கே அறிந்த ஒருவரின் உடன்பாடு அது. கண் களத்திற் கற்பதும் கை விடுதியிற் கற்பதும் வேறு என அவர் உணர்ந்திருந்தார்.

வண்ணாத்திவில்லுக் கரையில் அமரும் மாணாக்கன் இவ்வுண்மையை விரைவில் உணர்வான். மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றில் தாளிற் பரப்பிய நீர் நிறம் படிந்து மெல்ல இறங்குவதற்கு முன்னரே உலர்ந்துவிடும். வானத்தை மேலிருந்து கீழாக வெளிறச் செய்யும் பூச்சு பாதியில் விளிம்பு கட்டி நின்றுவிடும். வெயிலில் வெண்தாள் கண்ணைக் கூசச் செய்யும். கூசிய கண் நிறத்தை மிகைப்படுத்தும். நிழலிற் கொண்டுசென்று நோக்கினால் ஓவியம் கறுத்திருக்கும். ஈரலிப்பான குளிர்நாட்டில் வகுக்கப்பட்ட பாடங்கள் இங்கு ஒவ்வொன்றாகப் பொய்க்கும். நிழல் தேடி அமர்தல், சிறு தாளைக் கொள்ளுதல், காலையின் முதல் மணித்தியாலங்களைப் பயன்படுத்துதல், அகன்ற பூச்சைவிடச் சிறு தீற்றல்களை நம்புதல் எனப் புதிய பாடங்களை நிலமே வகுத்துக் கொடுக்கும். மலையும் அருவியும் இல்லாதவிடத்துக் கண் ஒளியை நோக்கியே திரும்ப நேரிடும். களப்பின் மீது படியும் வெண்மைக்கும் வானின் வெண்மைக்கும் உள்ள சிறு வேறுபாடே ஓவியத்தின் பொருளாகிவிடும். 'யாதுமில்லாத' நிலம் கற்பிக்கும் முதற்பாடம் இது.

இவ்விடத்துத் தமிழ்ப் பொருளிலக்கண மரபை நினைவுகூர்தல் பயனுடையது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பொழுதின்றி நிலம் இல்லை. நெய்தலுக்கு எற்பாடு உரியது எனக் கூறுமிடத்துக் கடற்கரை என்பது வெறும் இடமன்று, குறித்த ஓர் ஒளியிற் காணப்படும் இடம் என்பது பெறப்படுகிறது. களத்தில் அமர்ந்து தீட்டுவோன் கைக்கொள்ளும் ஒழுக்கமும் இதுவே; காலையில் தொடங்கிய ஓவியத்தை எற்பாட்டில் முடித்தால் அது எப்பொழுதுக்கும் உரியதாகாது. திணைக் கோட்பாடு ஓவியக் கோட்பாடன்று. இரண்டையும் ஒன்றெனக் காட்ட முயலுதல் வலிந்துரையாகும். எனினும் ஓரம்சம் மிக முக்கியமானது. கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலும் எண்ணப்படுகிறது. நெய்தல் நிலத்தில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அலையையும் நாரையையும் போலவே நிலத்தின் உறுப்புக்கள். கில்பினின் வழிவந்த காட்சியில் உழைக்கும் மனிதன் அளவு காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒரு புள்ளி. திணை மரபில் அவன் நிலத்தின் பொருள்.

இவ்வேறுபாடு நீர்வண்ணத்தின் தொழில்நுட்பத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒளிபுகும் நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் தாளின் வெண்மையே. இருண்ட உருவை வெளிறிய பின்னணியில் இறுதியிலும் சேர்க்கலாம், எங்கும் சேர்க்கலாம். பயண ஓவியங்களில் மனித உரு பெரும்பாலும் அவ்வாறே சேர்ந்தது. ஆனால் இருண்ட கண்டற் காட்டின் முன்னே வெயில்பட்ட வெள்ளைத் தலைத்துண்டோடு நிற்கும் மீனவனைப் பின்னர் சேர்த்தல் இயலாது. முதற்பூச்சு விழும் முன்னரே அவனுக்குரிய இடம் தாளில் ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பிந்தி நினைவு வந்தால் கத்தியாற் சுரண்டியே அவனை மீட்க வேண்டியிருக்கும். நிக்கல் தம் பூக்களின் ஒளிவிளிம்புகளை அவ்வாறே சுரண்டி எடுத்தார். ஒரு செடிக்கு அது போதும். மனிதனுக்குப் போதுமா என்பதே வினா. ஆகவே மனிதன் ஓவியத்தில் இருக்கின்றானா என்பது இரசனை சார்ந்த பின்னெண்ணமன்று. ஓவியன் தூரிகையை நனைப்பதற்கு முன் எடுக்கும் முடிவு. புத்தளத்து உப்பளங்களில் உப்புக் குவியலைத் தீட்டாமல் விடுவதே அதனைத் தீட்டுதல். அவ்வெண்மையின் எளிமையில் மயங்குபவன் அதனைக் குவித்தவனை மறந்துவிடுதல் மிக எளிது.

வண்ணாத்திவில்லு நிலத்தைத் தூய இயற்கையாகக் காண்பதற்கும் இடமில்லை. அருவக்காட்டிற் சுண்ணக்கல் அகழப்பட்டுச் சீமெந்துத் தொழிலுக்குச் செல்கிறது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திற் தஞ்சம் புகுந்தனர். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியானதன் பின்னர் கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் முனைப்புப் பெற்றது; புத்தளம் மக்கள் அதற்கெதிராகப் போராடினர். செம்மண்ணின் சிவப்பு இங்கு வெட்டப்பட்ட நிலத்தின் சிவப்பாகவும் இருக்கிறது. தலைநகரத்தார் கண்ணில் 'யாதுமில்லாத' நிலமாகத் தோன்றுவதே குப்பை கொட்டுவதற்கும் உகந்த நிலமாகத் தோன்றுகிறது. ஓவியனின் தீர்ப்பும் திட்டமிடுவோரின் தீர்ப்பும் ஒரே சொல்லில் அமைவது தற்செயலன்று. ஒரு நிலத்தைக் காணத்தக்கதாக்குதல் அழகியற் செயல் மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

நம்மவர் முயற்சிகள் இவ்விடயத்தில் எத்தகையன? 1920 முதல் இலங்கையிற் சித்திரக் கல்விப் பரிசோதகராகப் பணியாற்றிய சி. எவ். வின்சர் ஓவியக் கல்விக்குப் புதிய உயிரூட்டினார். அவர் பெயரால் 1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். பின்னர் அ. மாற்கு (1933–2000) விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வழியாக இளைஞரைப் பயிற்றினார். தமிழகத்திற் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தம் தொடக்ககாலத்திற் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றார். 1960களில் அவர் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களுக்குத் திரும்பியபோது நிலக்காட்சி கைவிடப்பட்டது எனச் சிலர் கருதக்கூடும். காட்சியாகப் பார்க்கும் பழக்கம் கைவிடப்பட்டது என்பதே பொருத்தமாகும். நிலத்தை நெடுநாள் கண்டவனே அதனைக் குறியீடாக்கும் உரிமை பெறுகின்றான்.

ஒரு தடை எழுப்பப்படலாம். சிறு தாளில் அரை மணித்தியாலத்தில் தீட்டப்படும் நீர்வண்ண ஓவியத்தின்மீது சமூக வரலாறனைத்தையும் சுமத்துதல் தகுமா? தகாது. ஓவியம் அறிக்கையன்று. கல்லகழ்வையும் குடிபெயர்வையும் விளக்குமாறு அதனிடம் கேட்டால் அது சுவரொட்டியாகிவிடும். இங்கு வேண்டப்படுவது வேறு. தீட்டப்படாத பொருளும் ஓவியன் அறிந்த பொருளாக இருத்தல் வேண்டும். களப்பை மட்டும் தீட்டுவோன் தன் முதுகுப்புறத்தே அகழப்பட்ட நிலம் இருப்பதை அறிந்தே தீட்டுவானாயின், அவன் தெரிவு தெரிவாகும். அறியாது தீட்டின் அது பழக்கமாகும்.

பல்கலைக்கழக மாணவர் ஓவியச் சுற்றுலா செல்லுங் காலத்து இடத்தெரிவைப் பற்றிச் சிந்தித்தல் நன்று. சீகிரியாவும் நுவரெலியாவும் நூறு முறை தீட்டப்பட்டவை. அங்குக் கை பயிலும், கண் இரவல் பெறும். வண்ணாத்திவில்லுப் போன்ற நிலத்தில் முதல் நாள் எழும் ஓவியம் வெறுமையாகவே இருக்கும். ஒரே இடத்தில் மூன்று காலைகள் அமர்ந்தால், நீர் எங்கு முடிந்து சேறு எங்குத் தொடங்குகிறது என்பது தெரியவரும். அச்சேற்றில் இறங்கி நிற்பவர் யார் என்பதும் தெரியவரும். தூரிகை தாளைத் தொடுமுன் அவருக்குரிய வெண்மையை விட்டுவைக்கக் கற்பதே பயண ஓவியக் கல்வி தரத்தக்க பயன்களுள் தலையாயது.