கார் இல்லாத தீவில் அமைதி இருக்கிறதா?

இஸ்தான்புல் போகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் யோசனை ஒன்று: ஒரு நாள் ஒதுக்கிப் பியூக்கடா தீவுக்குப் போய்வாருங்கள், அங்கே கார் கிடையாது, அமைதியாக இருக்கும். இதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. தனியார் கார் கிடையாது என்பது உண்மை. அதனாலேயே அமைதி வந்துவிடுமா என்பதைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மர்மரா கடலில் நகரின் ஆசியக் கரைக்கு எதிரே கிடக்கும் ஒன்பது இளவரசர் தீவுகளில் பியூக்கடாவே பெரியது. பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பைசாந்தியப் பேரரசர்கள் தமக்கு ஆகாத இளவரசர்களை இங்கே கொண்டுவந்து அடைத்ததால் தீவுக்கூட்டத்துக்கு இந்தப் பெயர். கபதாஷ் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். நகரப் பேருந்தில் காட்டும் அதே பயண அட்டை படகுக்கும் செல்லும். 1.5 கோடிக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழும் ஊரில், கூலி வேலை செய்பவரும் குடும்பத்தோடு விடுமுறை நாளில் பைன் மர நிழலுக்கு வர முடிகிறது. தீவின் முதல் பெருமை இதுதான். கூட்டத்தைக் குறைக்கப் படகுக் கட்டணத்தை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். காசு உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் அமைதியால் ஒரு நகரத்துக்கு என்ன பயன்?

நடப்பவருக்குத் தீவு நிறையவே தருகிறது. மரவேலைப்பாடு மிகுந்த பழைய மாளிகைகளும் சரிவான தெருக்களும் பெரிய சாலைகளுக்குப் பலியாகாமல் நிற்கின்றன. சோவியத் ஒன்றியத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட புரட்சியாளர் டிராட்ஸ்கி 1929 முதல் 1933 வரை இங்கே தங்கித் தன் வரலாற்றை எழுதினார். குன்றின் மேல், 1890களின் இறுதியில் விடுதியாகக் கட்டப்பட்டு, 1903 முதல் 1964 வரை கிரேக்க அனாதை இல்லமாக இருந்த பிரம்மாண்டமான மரக்கட்டடம் சிதைந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அது 2010-ல் கிரேக்க மரபுவழித் திருச்சபையின் தலைமைப்பீடத்துக்குத் திரும்பியது. 203 மீட்டர் உயர யூஜெதெப்பே குன்றில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு ஏப்ரல் 23 அன்று கிறித்தவர்களோடு முஸ்லிம்களும் திரளாக ஏறுகிறார்கள். கல் பாவிய அந்தச் செங்குத்துப் பாதையில் நடந்துதான் போக வேண்டும்.

கார் இல்லாத இடத்தில் ஆட்களையும் சுமையையும் எது இழுத்தது என்பது அடுத்த கேள்வி. பல தலைமுறைகளாக இழுத்தவை குதிரைகள். பயணிகளின் புகைப்படங்களில் அழகாகத் தெரிந்த அந்தச் சாரட்டு வண்டிகளுக்குப் பின்னால் கோடை வெயிலில் மேடேறிச் சோர்ந்து விழுந்த விலங்குகள் இருந்தன. 2019 டிசம்பரில், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் குதிரைகளிடையே பரவியது, நோயுற்றவை கொல்லப்பட்டன. 2020-ல் சாரட்டுகளுக்கு முடிவு கட்டப்பட்டு, மாநகராட்சி குதிரைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்த முடிவு சரியானது. காலம் தாழ்ந்து வந்தது என்பதே குறை. ஆனால் வெளியிடங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட குதிரைகளில் ஒரு பகுதி என்ன ஆயிற்று என்ற கேள்வி 2021-ல் எழுந்து பெரும் சர்ச்சையானது. காப்பாற்றுகிறோம் என்று வாங்கிய உயிர்களுக்குக் கணக்கு வைக்கத் தவறுவது பெரிய தவறு.

குதிரைகளின் இடத்துக்கு மின்வண்டிகள் வந்தன. முதியவருக்கும் நோயாளிக்கும் மேடான தீவில் வண்டி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2024-ல் சிற்றுந்து அளவுள்ள மின்வாகனங்கள் இறங்கியபோது தீவுவாசிகள் தெருவில் நின்று மறித்தார்கள். அதிகம் பேரை ஒரே நேரத்தில் ஏற்றலாம் என்பது பெரிய வண்டிக்குச் சார்பான வாதம். அது வலுவானதுதான், ஆனால் வேறிடத்துக்குப் பொருந்துவது. நடைபாதையும் சாலையும் ஒன்றாகவே இருக்கும் குறுகிய தெருவில் அகலமான வண்டி வந்தால் நடப்பவர் சுவரோரம் ஒதுங்க வேண்டும். புகை இல்லை என்பதால் மட்டும் அது கார் ஆகாமல் போய்விடாது. தனியார் மின்வண்டிகளும் பெருகியிருக்கின்றன. காருக்குப் போட்ட தடை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

கார் இல்லாதது மட்டும் போதாது என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும் யாஸ்ஸியடா இன்னும் கடுமையான சான்று. 1960 இராணுவப் புரட்சிக்குப் பின் பிரதமர் மெந்தெரெஸ் விசாரிக்கப்பட்ட அந்தச் சிறு தீவுக்கு ‘ஜனநாயகம், சுதந்திரங்களின் தீவு’ என்று பெயர் மாற்றி, விடுதியும் மாநாட்டுக் கூடமும் கட்டி 2020-ல் திறந்தார்கள். அங்கே கார் நெரிசல் என்றும் இருந்ததில்லை. ஆனாலும் கான்கிரீட் மூடிவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. காரைத் தடுப்பது அமைதிக்கு அடிப்படை. அது மட்டும் போதாது. காருக்குப் பதிலாக வரும் வண்டி எவ்வளவு பெரியது, அது யாருக்காக ஓடுகிறது, நிலத்தில் எவ்வளவு கட்ட விடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே அமைதியைத் தீர்மானிக்கின்றன. காரைத் தடுக்கும் தேர்வில் பியூக்கடா தேறுகிறது, மற்றவற்றில் தடுமாறுகிறது. வண்டிகள் சிறியவையாக, முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் முன்னுரிமை தருபவையாக இருந்தால் அது மீளும்.

போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ ஒரு வார நாளில் போங்கள். கால்கள் ஒத்துழைத்தால் வண்டி ஏறாமல் நடங்கள். துறைமுகக் கடைத்தெருவோடு நின்றுவிட்டால் தீவைப் பார்த்ததாக ஆகாது. கூட்டமே ஆகாதென்றால் ஒரு துறை முன்னதாக, பக்கத்துத் தீவான ஹெய்பெலியடாவில் இறங்கிவிடுங்கள்.