காந்தத்துக்கு முளைத்த தாடி

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்தால் கிடைக்கும் வட்டக் காந்தத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தனி மவுசு. கறுப்பு நிறம், நடுவில் ஓட்டை, உள்ளங்கையில் வைத்தால் சில்லென்று ஒரு கனம். ஓட்டையில் சணலைக் கோத்து மைதானத்து மணலில் இழுத்துக்கொண்டே நடந்தால், கொஞ்ச நேரத்தில் அதற்குத் தாடி முளைத்துவிடும். முதன்முதலாக அதைப் பார்க்கும் பிள்ளை வாய்பிளந்து நிற்கும். தினமும் மிதித்து நடக்கிற மண்ணுக்குள்ளா இத்தனை இரும்புத் தாது!

விஷயம் தெரிந்த பிள்ளைகள் காந்தத்தை வெறுமனே மணலில் போடமாட்டார்கள். ஒட்டிய பொடியை எடுப்பது பெரும்பாடு; இந்தப் பக்கம் வழித்தால் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலிலேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சுற்றிவிடுவார்கள். காந்தத்தை வெளியே உருவியதும் பொடி மொத்தமும் பொலபொலவென உதிர்ந்துவிடும். கூடவே வந்த வெள்ளை மணலைக் கழிக்க, காகிதத்தில் பரப்பி மறுபடியும் காந்தத்தை மேலே காட்ட வேண்டும். பிறகு இன்னொரு தடவை. வீட்டுப்பாடத்துக்கு இல்லாத பொறுமை இதற்கு எங்கிருந்தோ வந்துவிடும். தேறிய பொடி விரலிடுக்கில் நறநறக்கும். அதை நோட்டு அட்டையில் தூவி, அடியில் காந்தத்தை வைத்து, ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டினால், துகள்கள் சிலிர்த்தெழுந்து வளைகோடுகளாக வரிசைகட்டும். காந்தப்புலம் பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் சரி, இந்தப் பிள்ளை அந்தப் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.