முடிச்சில் இருந்த துறைமுகம்

போடியை அடுத்த குரங்கணி ஊருக்குள் நின்றுகொண்டு துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பயனில்லை. ஊர் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், நட்சத்திரமும் வடக்கே அதே 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். டாப் ஸ்டேஷன் முகடோ அதைவிட மேலே எழுந்து வானத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனால் இங்கிருந்து நேர் கிழக்கே, கோடியக்கரைக்கு அப்பால் கடலில் தோணி ஓட்டியவனுக்கு அந்த 10 பாகைதான் வழிகாட்டி. அதை அளக்க அவனிடம் இருந்தது ஒரு பலகைத் துண்டும் முடிச்சுப் போட்ட கயிறும். அதன் பெயர் ராப்பலகை. அரபு மாலுமிகள் கமால் என்பார்கள்.

செய்து பார்ப்பது எளிது. 10 செ.மீ. உயரமுள்ள அட்டையின் நடுவில் துளையிட்டு நூல் கோத்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து 57 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அட்டை மறைக்கும் உயரம் 10 பாகை. கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் பொருந்தினால் நீங்கள் போடியின் அட்சத்தில் இருக்கிறீர்கள். 53 செ.மீ.யில் ஒரு முடிச்சு போட்டால் நாகப்பட்டினம், 67-ல் போட்டால் திருகோணமலை.

சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி 1850-ல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் கான்கிரீவ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எழுதியிருக்கிறார். மாலுமிக்குப் பாகைக் கணக்கு தேவைப்படவில்லை என்பதே இந்தக் கருவியின் சாமர்த்தியம். துறைமுகத்தில் நின்று அவனே முடிச்சைப் போட்டுக்கொள்கிறான். கயிற்றைப் பல்லில் கடித்தாலும் மூக்கருகே பிடித்தாலும் போடும்போது செய்த பிழையேதான் பார்க்கும்போதும் வரும். ஒன்றை ஒன்று அடித்துவிடும். கரையும் ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால், அட்சம் தெரிந்தாலே எந்த ஊருக்கு நேரே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். இந்தக் கரைக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை என்று சொல்லலாம்.

அடுத்தவனுக்கு அந்தச் சட்டை பொருந்தாது, அதுதான் சிக்கல். தந்தை போட்ட முடிச்சை மகன் வேறு மாதிரிப் பிடித்தால் கணக்குக் கெட்டது. 57 செ.மீ. கயிற்றில் 1 செ.மீ. தளர்ந்தால் கடலில் சுமார் 19 கி.மீ. பிசகும். துருவ நட்சத்திரமும் முழுக்க அசையாமல் நிற்பதில்லை. துருவத்தைச் சுற்றிச் சிறு வட்டம் போடுகிறது. இன்று அந்த விலகல் முக்கால் பாகைக்கும் குறைவு. கி.பி. 1500 வாக்கில் சுமார் மூன்றரைப் பாகை. ஆகவே மற்ற நட்சத்திரங்களின் நிலையைப் பார்த்து, எப்போது அளப்பது என்று முடிவு செய்யத் தெரிந்தவனிடம் மட்டுமே பலகை உண்மை பேசும். ஐப்பசி மேகத்தில் யாரிடமும் பேசாது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் நட்சத்திரமே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தீர்க்கரேகையைப் பற்றி அது வாயே திறக்காது. வங்கக் கடலைக் கிழக்கே கடப்பவன் ஒரே அட்சத்தில் போகலாம். கரை நாளை வருமா, நாலு நாள் கழித்தா என்று கேட்க முடியாது. அதற்கு ஹாரிசன் என்ற ஆங்கிலேயரின் கடல் கடிகாரம் வர வேண்டியிருந்தது. அட்சத்தை அளப்பதிலோ, 1731-ல் ஹாட்லி காட்டிய கண்ணாடிக் கருவி, பின்னால் செக்ஸ்டன்ட் ஆகி, பாகையின் கூறான கலை அளவுக்கு, அதாவது 2 கி.மீ.க்குள், துல்லியம் தந்தது. ஆனால் அதற்கும் தொடுவானம் வேண்டும். மேகத்துக்கு மேலே பறப்பவனுக்கும் குரங்கணிக்காரருக்கும் இதில் ஒரே நிலைமைதான். 1922-ல் தென் அட்லாண்டிக்கைக் கடந்த போர்த்துகீசிய விமானத்தில் காகோ கொட்டின்யோ, நீர்மட்டக் குமிழியையே தொடுவானமாக வைத்த செக்ஸ்டன்டைப் பயன்படுத்தினார்.

நம் முன்னோரிடம் அன்றே ஜி.பி.எஸ். இருந்தது என்று மேடையில் சொல்பவர்களைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. அந்தப் புகழ்ச்சி பலகையைச் சிறுமைப்படுத்துகிறது. உலகில் எங்கே வைத்தாலும் இடம் சொல்லும் கருவியல்ல அது. ஒரு கரையை நன்றாக அறிந்தவன் தன் அறிவை நூலில் முடிந்து வைத்த பொருள்.

அட்டை செய்தவர்கள் குரங்கணியில் முயல வேண்டாம். ராமேஸ்வரத்தின் வடகரையில் நிலவுள்ள இரவில் நில்லுங்கள். எதிரே திறந்த கடல் இருக்கும். அங்கே முடிச்சு 62 செ.மீ.யில் விழ வேண்டும்.