'பாராசூட் விரியவில்லை': ஒரு வாக்கியம் பற்றிய விமர்சனம்

சென்ற மாதம் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் துபாயில் வேலை பார்க்கிறவன், விடுப்பில் வந்திருந்தான். நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் கைப்பேசியை நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. செகண்ட் ஹேண்ட் பாராசூட் செட்டு. பாதி வெலக்கி வருது. வாங்கிடலாமா?"

எனக்குத் தெரிந்த பாராசூட் நீல டப்பாவில் வரும் தேங்காய் எண்ணெய்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அங்கேயே முறையாகப் பயிற்சி எடுத்து, 40 முறை விமானத்திலிருந்து குதித்தவன். அக்காவுக்கு இதில் பாதிதான் தெரியும். "நீங்கதான் எதையும் தேடிப் படிப்பீங்களே" என்று வேறு சொல்லிவிட்டான். சரி, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று விழுப்புரம் திரும்பினேன்.

இரண்டு வாரம் தேடினேன். பொருளைப் பற்றி நிறையத் தெரிந்தது. கூடவே, தமிழில் நாம் பாராசூட்டைப் பற்றிப் பேசும் முறையே அந்தப் பொருளைப் புரிந்துகொள்ளத் தடையாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

தன்வினையில் ஒளிந்தவர்கள்

2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேலம் விமான நிலையத்தில் நடந்த வான்குதிப்பு நிகழ்ச்சியில், பெங்களூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் இறந்துபோனார். பலருக்கு நினைவிருக்கலாம். அந்தச் செய்தியை நாம் நினைவில் வைத்திருப்பது ஒரே வாக்கியமாகத்தான்: பாராசூட் விரியவில்லை. வேறு ஊர் விபத்துகளுக்கும் இதே வாக்கியம்தான்.

இலக்கணப்படி இது தன்வினை. பூ விரிந்தது, பாராசூட் விரியவில்லை. மழை பெய்யவில்லை என்பது போல, யார் மேலும் குற்றமில்லாத ஒரு இயற்கை நிகழ்ச்சியாக அது காதில் விழுகிறது. பிறவினையாக்கிப் பாருங்கள். யார் மடித்தார்? எப்போது மடித்தார்? யார் சோதித்தார்? எங்கே எழுதி வைத்தார்? வினையை மாற்றினதும் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள், கூடவே தேதிகளும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடைபட்டிருக்கின்றன. பையிலிருந்து எதுவுமே வெளியே வராமல் போகலாம். வெளியே வந்தும், ஒரு கயிறு துணியின் மேலாக விழுந்து பாதியை அமுக்கிவிடலாம். துணி விரிந்தும் கயிறுகள் முறுக்கிக்கொண்டு சுழலலாம். எல்லாம் சரியாக இருந்தும், இழுத்த உயரம் மிகத் தாழ்வாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளி வேறு. "விரியவில்லை" என்று எழுதினால் நான்கும் விதியாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. முதுகில் கட்டும் அந்தப் பையில் இருப்பது ஒரு பாராசூட் இல்லை, இரண்டு. மெயின் ஒன்று, ரிசர்வ் ஒன்று. மெயின் சிக்கினால் ஒரு கைப்பிடியை இழுத்து அதைத் தோளிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு அடுத்த கைப்பிடியில் ரிசர்வ். கழற்றாமல் ரிசர்வைத் திறந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளக்கூடும். அப்படிக் கழற்றிவிடுவதற்காக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மூன்று வளையங்களை பில் பூத் என்ற அமெரிக்கர் 1970-களில் வடிவமைத்தார். இன்று உலகம் முழுக்க அதுதான். ஆக, ஒருவர் தரையில் மோதினார் என்றால் இரண்டு பாராசூட்டும் காப்பாற்றவில்லை என்று பொருள். ஒருமையில் எழுதும்போது பாதி விசாரணை காணாமல் போகிறது.

குடையா, பட்டமா?

நம் கலைச்சொல் 'வான்குடை'. அழகான சொல்தான். பழைய வட்டமான ராணுவப் பாராசூட்டுக்குப் பொருந்தும். ஆனால் இன்றைய வான்குதிப்பில் பயன்படுவது குடை இல்லை, இறக்கை. நீள்சதுரமாக, அறை அறையாகத் தைத்த துணிக்குள் முன்பக்கத் திறப்பு வழியாகக் காற்று புகுந்து, விமான இறக்கை மாதிரி புடைத்து நிற்கும். 1960-களில் இதைக் கண்டுபிடித்த டொமினா ஜால்பர்ட் பட்டம் செய்கிறவர். வான்பட்டம் என்று வைத்திருந்தால் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருந்திருக்கும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாங்கப்போகிறவனுக்கு நிறைய இருக்கிறது. குடை என்று நினைத்தால் விரிந்ததும் வேலை முடிந்தது. இறக்கை என்று தெரிந்தால் அது முன்னோக்கிப் பறக்கும், ஓட்ட வேண்டும், தரையைத் தொடும் முன் சரியான நேரத்தில் இரண்டு கயிற்றையும் இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரியும். நல்லபடியாக விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பி, அடிபட்டு இறந்தவர்கள் வெளிநாட்டு விபத்துப் பட்டியல்களில் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களுக்கு நம் வாக்கியத்தில் இடமே இல்லை.

இங்கேதான் அக்கா மகன் காட்டிய விளம்பரத்துக்கு வர வேண்டும். அதிலிருந்த மெயின் 150 சதுர அடி. அவன் எடை 78 கிலோ. உடை, பை, இரண்டு பாராசூட் எல்லாம் சேர்த்து 11 கிலோ என்று வைத்தால் 89 கிலோ, அதாவது சுமார் 196 பவுண்டு. இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பவுண்டிலும் சதுர அடியிலும்தான் போடுகிறார்கள். 196-ஐ 150-ஆல் வகுத்தால் 1.3. புதியவர்கள் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலான அறிவுரை. அதே ஆள் 210 சதுர அடியில் தொங்கினால் 0.93. துணி சிறுத்தால் வேகம் கூடும், கையின் சின்ன அசைவுக்கும் வெடுக்கென்று திரும்பும். 40 குதிப்பு பழகியவனுக்கு 150 என்பது, டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டிப் பழகியவன் நேராகப் பந்தய பைக்கில் ஏறுவது மாதிரி.

அவன் பார்த்துக்கொண்டிருந்த காணொலிகளையும் பார்த்தேன். ரசனையாக எடுத்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. நிறம், தையல் அழகு, விலை, தலைக்கவசத்தில் கேமரா மாட்டும் இடம் என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். வகுத்தல் கணக்கு மட்டும் வரவில்லை. உற்பத்தித் தேதி வரவில்லை. புடவைக் கடை விளம்பரத்தின் மொழியில் உயிர்காக்கும் சாதனத்தைப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

தார்ப்பாய் தைப்பவர் கேட்ட கேள்வி

விளம்பரப் படத்தில் பையின் ஓரத்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது. "இத இங்கயே தெச்சிக்கலாம் மாமா" என்றான். விழுப்புரத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்னா நூலு, எத்தினி புரி, அங்குலத்துக்கு எத்தினி தையல்னு தெரியாம நான் கை வக்க மாட்டேன் சார். தார்ப்பா பிரிஞ்சா நெல்லு நனையும். இது அப்பிடியா?"

நான் இரண்டு வாரம் படித்ததில் இவ்வளவு தெளிவான பராமரிப்பு அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே உரிமம் பெற்ற 'ரிக்கர்' என்ற தொழிலாளர் இருக்கிறார். அமெரிக்க விதிப்படி ரிசர்வை மடித்து மூடும் அதிகாரம் அவருக்குத்தான். 180 நாளுக்கு ஒருமுறை, பயன்படுத்தாவிட்டாலும், பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். 2008 வரை அது 120 நாள். நாட்டுக்கு நாடு இது மாறும். மடித்தவர் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, தன் முத்திரையை வைத்து மூடுவார். கட்டவே கட்டாத பட்டுப்புடவையையும் எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறோம் இல்லையா, அதைச் சட்டமாக்கியது போல.

இந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்குப் புதிதில்லை. பாராசூட்டை வடிவமைக்கும் டிஆர்டிஓ ஆய்வகம் ஆக்ராவில் இருக்கிறது. விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். கான்பூரில் இருக்கும் பாராசூட் தொழிற்சாலை 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பெயரில் இயங்குகிறது. மடிப்பவரின் கை எவ்வளவு முக்கியம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நம் செய்தி வாக்கியத்துக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

பராமரிப்பில் நான் புரிந்துகொண்டதை நம் ஊர்ப் பொருள்களை வைத்தே சொல்லிவிடலாம்.

மொட்டை மாடிக் கொடியில் நைலான் கயிறு கட்டுகிறோம். ஒரு கோடைக்குப் பிறகு தொட்டால் பொடி உதிர்கிறது. பாராசூட் துணியும் நைலான்தான். வெயில் அதைக் கண்ணுக்குத் தெரியாமலே பலவீனமாக்கும். அதனால் நிழலில் மடிக்க வேண்டும், இருட்டான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அமிலமும் நைலானுக்கு எமன். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. மரக்காணம் உப்பளத்தில் காலை வைத்தவர்களுக்கு உப்புப் பரல் எப்படி அறுக்கும் என்று தெரியும். கடலில் இறங்கி நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவிட்டால், இழைகளுக்கு நடுவே அதே பரல் உட்கார்ந்துகொள்ளும்.

கயிறுகளும் மாறும். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு உராய்வுச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். எல்லாம் ஒரே அளவாகச் சுருங்காது என்பதுதான் சிக்கல். இறக்கையின் வடிவம் கோணி, விரிவதும் பறப்பதும் கெட்டுப்போகும். சில நூறு குதிப்புக்குப் பிறகு கயிறுகளை மொத்தமாக மாற்ற வேண்டும். பையின் வாயை மூடி வைக்கும் சின்னக் கயிற்று வளையம் மிக மலிவான பொருள். அது தேய்ந்திருந்தால் நேரமல்லாத நேரத்தில் பை திறந்துகொள்ளும்.

கடைசியாகத் தானியங்கிக் கருவி. 1991-இல் வந்த சைப்ரஸ் இதில் பெயர் பெற்றது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணித்து, தாழ்ந்த பிறகும் ஆள் வேகமாக விழுந்துகொண்டே இருந்தால், ரிசர்வை மூடியிருக்கும் கயிற்று வளையத்தை வெட்டிவிடும். விளம்பரத்தில் "கருவி உண்டு" என்று போட்டிருந்தது. உண்டு என்பது போதாது. எந்த ஆண்டு செய்தது, ஆயுள் எப்போது முடிகிறது? இந்தக் கருவிகளுக்குக் காலாவதி உண்டு. கருவி வெட்டிய பிறகு வெளியே வரப்போவதும், யாரோ ஒருவர் என்றோ மடித்து வைத்த ரிசர்வ்தான்.

என்ன எழுதலாம்?

நிருபர்களைக் குறை சொல்வது எளிது. மாலைக்குள் செய்தி போக வேண்டும், காவல்நிலையத்தில் கொடுக்கும் தகவல் நாலு வரி. எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான்கு கேள்விகளைக் கேட்க அதிக நேரம் ஆகாது. ரிசர்வ் அட்டையில் கடைசித் தேதி என்ன? மெயினை மடித்தது யார்? தானியங்கிக் கருவி இருந்ததா, அதை இயக்கி வைத்திருந்தார்களா? ஆளின் எடைக்கு எத்தனை சதுர அடி? பதில் கிடைக்காவிட்டால், "அட்டை காட்டப்படவில்லை" என்று எழுதினாலே அது செய்திதான்.

வாங்குகிறவனுக்கும் இதே நான்கு கேள்விகள்தான். காசு கட்டி முதல் முறை குதிக்கப் போகிறவருக்கும் இவைதான்.

போன ஞாயிறு மறுபடியும் திண்டிவனம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 150-ஐ உடனே விட்டுவிடவில்லை அவன். "மெதுவா ஓட்டிக்குவேன் மாமா" என்றான். வகுத்தல் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விற்கிறவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: ரிசர்வ் அட்டையின் படமும், கருவியின் உற்பத்தித் தேதியும் வேண்டும்.

எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "மூணு பேரு கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அட்டை வரவில்லை. இந்தக் குறிப்பை எழுதும் இன்றுவரை வரவில்லை. அவனும் பணம் அனுப்பவில்லை. இப்போதைக்குப் பயிற்சி மையத்திலேயே பெரிய அளவு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, "நம்ம உளுந்தூர்பேட்டை பழைய ரன்வேல ஒரு நாள் கேம்ப் போடணும் மாமா" என்றான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் அது. முன்பு எங்கள் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. போடட்டும், நானும் பார்க்க வருவேன். ஆனால் அன்றைக்கு நான் முதலில் கேட்கப்போவது அட்டையைத்தான். படிக்கிற நீங்களும் கேளுங்கள்.