உச்சியில் வசனம்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் தெரிகிறது. மலைக்கு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1942இல், பதினெட்டு வயதில், திருவாரூரில் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கி, பின்னர் 'குடிஅரசு' துணையாசிரியராகவும் இருந்த மு. கருணாநிதி, 1950இல் இந்த ஸ்டுடியோவுக்கு 'மந்திரிகுமாரி'யை எழுதினார். கதையின் கரு குண்டலகேசியுடையது: தன்னைக் கொல்ல அழைத்து வந்த கணவனை மலையுச்சியில் மும்முறை வலம்வந்து மனைவி தள்ளிவிடுகிறாள்.

துண்டறிக்கை எழுதிய கை படத்திலும் மாறவில்லை என்பது என் அபிப்பிராயம். எதிரே கூட்டத்தை வைத்துக்கொண்டுதான் அது எழுதுகிறது. பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதில்லை, நம்மிடம் முறையிடுகிறார்கள். காதலித்து மணந்தவனைக் கொல்ல நேர்ந்தவளின் அந்தரங்கத்துக்கு அந்த உச்சியில் மௌனம் வேண்டும். அங்கேயும் நமக்குக் கிடைப்பது தீர்ப்புரைதான்.

இதைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தான் யாரிடம் பேசுகிறோம் என்ற நிச்சயம் அந்த இளம் பத்திரிகைக்காரருக்கு இருந்தது. சில நூறு பிரதிகளுக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் நாம், நம் மௌனத்தைக் கலை என்கிறோம். என் கட்டுரைகளையே திருப்பிப் படிக்கும்போது, அது பல இடங்களில் கேட்க ஆளில்லாதவனின் மௌனமாகவே படுகிறது.