ஜேசனில் "ஏன்" எழுத இடமில்லை

ஜேசனிலிருந்து கமெண்ட்டைத் தூக்கியதற்கு டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2012-ல் சொன்ன காரணம் நியாயமானதுதான். சிலர் கமெண்ட்டுக்குள் பார்சருக்கான கட்டளைகளை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படியே விட்டால் ஒரே ஃபைலை ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். இரண்டு கணினிகள் பரிமாறிக்கொள்ளும் தரவுக்கு இந்த வாதம் போதும்.

ஆனால் கான்ஃபிக் ஃபைல் மனுஷன் எழுதி மனுஷன் படிக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்.ஜேசனில் ஒரு லைப்ரரி மட்டும் பழைய வெர்ஷனில் பூட்டிக் கிடந்தது. பூட்டியவர் வேலையை விட்டுப் போயாச்சு. கிட் வரலாற்றில் "ஃபிக்ஸ்" என்று ஒரே வார்த்தை. செக்யூரிட்டி பேட்ச் வந்தபோதுகூட யாரும் அதைத் தொடத் துணியவில்லை.

கிராக்ஃபோர்ட் இதற்கும் வழி சொன்னார்: கமெண்ட்டோடு எழுதுங்கள், ஜேஎஸ்மின் வழியாக நீக்கிவிட்டுப் பார்சரிடம் கொடுங்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இது ஒருவழிப் பாதை. என்பிஎம் இன்ஸ்டாலில் புதுப் பேக்கேஜ் சேர்த்தால், என்பிஎம் அந்த ஃபைலைத் திருப்பி எழுதுகிறது. நீக்கிய கமெண்ட் எங்கிருந்து திரும்பி வரும்? கமெண்ட்டை அனுமதிக்கும் ஜேசன்5-லும், படித்து மறுபடி எழுதினால் சாதாரணமாக இதே கதிதான்.

அதனால்தான் "//" என்று ஒரு கீ வைத்து அதன் மதிப்பாகக் குறிப்பை எழுதும் தந்திரம் வந்தது. அதுவும் தரவு என்பதால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஃபைலின் மேல்மட்டத்தில்தான் வைக்கணும். டிபென்டன்சிகளுக்குள் வைத்தால் என்பிஎம் அதைப் பேக்கேஜ் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு "//" எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் பார்சர் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும், சத்தமே இல்லாமல்.

தடையால் அவர் பயந்ததாவது நின்றதா? டைப்ஸ்கிரிப்ட்டின் டிஎஸ்கான்ஃபிக்.ஜேசனில் கமெண்ட் எழுதலாம். பெயர் ஜேசன், ஆனால் சாதாரண ஜேசன் பார்சரிடம் கொடுத்தால் முதல் சாய்கோட்டிலேயே விழுந்துவிடும். விஎஸ் கோடாவது அதை "கமெண்ட் உள்ள ஜேசன்" என்று தனிப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறது. எடிட்டருக்கான கட்டளையோ "$ஸ்கீமா" என்ற கீயாக முன்வாசல் வழியே வந்துவிட்டது.

கமெண்ட் எழுத முடியுமா என்பதைவிட, கருவி திருப்பி எழுதும்போது அது தங்குமா என்றுதான் நான் பார்க்கிறேன். ரஸ்டின் கார்கோ டாமல் ஃபைலைப் பயன்படுத்துகிறது. கார்கோ ஆட் கொடுத்தாலும் நம் கமெண்ட் அப்படியே இருக்கும். பேக்கேஜ்.ஜேசனை மாற்றுவது என் கையில் இல்லை. இப்போதைக்கு மேலே ஒரே ஒரு "//", அதற்குள் ஒரு பட்டியல், வெர்ஷனைப் பூட்டிய காரணமும் தேதியும்.